பால்வீதிக்கு அப்பாலுள்ள உயராற்றல் காமா மூலங்களுக்கு அட்டவணை போடுவது எப்படி? வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காவலூர் வானாய்வகத்தைப் பார்த்துவிட்டு ஆலங்காயம் வழியாக இறங்கி வரும் பிள்ளைகள் பஸ்ஸிலேயே கேட்டுவிடுவார்கள்: "சார், நம்மால இதுல எதுனா பண்ண முடியுமா?" தொலைநோக்கி வாங்கக் காசு கிடையாது. வாங்கினாலும் காட்பாடி, சத்துவாச்சாரி வெளிச்சத்தில் நிலாவையும் வியாழனையும் தாண்டிப் போவது கஷ்டம். ஆனால் தொலைநோக்கியே இல்லாமல், ஒரு பழைய லேப்டாப்பையும் இணைய வசதியையும் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. நமது பால்வீதிக்கு வெளியே இருந்து மிக உயர்ந்த ஆற்றலில் காமா கதிர் அனுப்பும் மூலங்களை ஒன்றுவிடாமல் அட்டவணைப்படுத்துவது. இதுவரை உறுதியானவை மொத்தமே ஏறத்தாழ நூறு. மூன்று நான்கு பேர் சேர்ந்தால் ஒரு செமஸ்டரில் முடிக்கலாம்.

"அதான் டெவ்கேட் இருக்கே" என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் வேக்லி, ஹோரன் என்ற இருவர் உருவாக்கிய இணையப் பட்டியல் அது; துறையில் எல்லோரும் முதலில் திறப்பது அதைத்தான். நீங்களும் திறக்கலாம், பெயர்களை எடுத்துக்கொள்ளலாம். எண்களை மட்டும் அங்கிருந்து நகலெடுக்காதீர்கள். ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு கட்டுரையில், ஏதோ ஒரு நிபந்தனையோடு சொல்லப்பட்டது. அந்த நிபந்தனையையும் சேர்த்து எழுதுவதுதான் உங்கள் அட்டவணையின் பயன். யார் சொன்னார்கள், எந்த ஆண்டு, எந்தக் கருவியால், எந்த ஆற்றலுக்கு மேல் என்ற நான்கும் இல்லாத எண்ணை உள்ளே விடாதீர்கள்.

முதலில் எதை எண்ணுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட். நாம் பேசும் காமா கதிர்கள் 100 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் தொடங்கி, டெரா எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிப் போகின்றன. ஒரு டெரா என்றால் கண் காணும் ஒளியைப் போல ஐம்பதாயிரம் கோடி மடங்கு.

இவை வருவது மிகவும் அபூர்வம். இந்தத் துறையின் அளவுகோலாக இருக்கும் நண்டு நெபுலாவே (நம் பால்வீதிக்குள் வெடித்த ஒரு விண்மீனின் எச்சம்), ஒரு டெராவுக்கு மேல், ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒரு துகள்தான் அனுப்புகிறது. சதுர மீட்டர் கணக்கில் பரப்புள்ள செயற்கைக்கோளை வைத்து இதைப் பிடிக்க முடியாது. அதனால் வளிமண்டலத்தையே கருவியாக்கினார்கள். காமா துகள் மேல் காற்றில் மோதி, சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் துகள் மழையாகச் சிதறும்போது, சில நானோ வினாடிகளுக்கு நீல நிறச் செரன்கோவ் ஒளி எழும். அது தரையில் சுமார் 120 மீட்டர் ஆரமுள்ள வட்டமாக விழும். அந்த வட்டத்துக்குள் எங்கே ஒரு கண்ணாடி இருந்தாலும் அது பார்த்துவிடும். சதுர மீட்டர் ஒன்று, நாற்பத்தைந்தாயிரம் ஆகிவிடுகிறது. நண்டு நெபுலாவிலிருந்து மணிக்கு முப்பது துகள் என்ற கணக்கு அப்படித்தான் வருகிறது.

அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்த 10 மீட்டர் விப்பிள் தொலைநோக்கி 1989-ல் நண்டு நெபுலாவை இப்படி உறுதியாகக் கண்டது. 1992-ல் அதே தொலைநோக்கி மார்க்கேரியன் 421 என்ற மூலத்தைக் கண்டது. பால்வீதிக்கு வெளியே கிடைத்த முதல் மூலம் அதுதான். உங்கள் அட்டவணையின் முதல் வரிசையும் அதுவே. பிறகு வந்த பெயர்கள் கட்டுரைக்குக் கட்டுரை வரும், பழகிக்கொள்ளுங்கள்: நமீபியாவில் ஹெஸ், லா பால்மா தீவில் மேஜிக், அரிசோனாவில் வெரிட்டாஸ். துகள் மழையையே நேராகத் தரையில் பிடிக்கும் வகை வேறு: மெக்சிகோவில் ஹாக், சீனாவில் லாசோ. நம் நாட்டுக் கருவிகளுக்குப் பிறகு வருகிறேன்.

கோப்பைத் திறக்கும் முன்

எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. முதலில் எல்லாப் பத்திகளையும் வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள். செய்யாவிட்டால் 11:04:27 என்று நீங்கள் போடும் வான ஆயத்தை (மூலம் வானில் எங்கே என்று சொல்லும் எண்ணை) அது மணி நேரம் என்று நினைத்துக்கொள்ளும். +38 என்று தொடங்கினால் கணக்குச் சூத்திரம் என்று நினைத்துக்கொள்ளும். மென்பொருளின் இந்த அதிகப்பிரசங்கித்தனத்தால் கெட்டுப்போன அட்டவணைகள் நிறைய.

பெயரும் இடமும்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரே மூலத்துக்கு நான்கைந்து பெயர் இருக்கும். பெயர்களில் பெரும்பாலானவை காமா கதிருக்காக வைத்தவையும் அல்ல. '3சி' என்றால் கேம்பிரிட்ஜின் மூன்றாவது ரேடியோ பட்டியல். 'பி.கே.எஸ்.' என்றால் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி. '1இ.எஸ்.' என்றால் ஐன்ஸ்டைன் எக்ஸ் கதிர் செயற்கைக்கோள். மார்க்கேரியன் என்பவர் புற ஊதாவில் பளிச்சென்று தெரியும் விண்மீன்திரள்களைத் தொகுத்த ஆர்மீனிய வானியலாளர்.

பி.கே.எஸ்., 1இ.எஸ். பெயர்களுக்குள் இருக்கும் எண் வான ஆயம்தான், ஆனால் பழைய ஆயம். பி.கே.எஸ். 2155-304 என்ற பெயரைப் பார்த்து, வல ஏற்றம் (வானத்துத் தீர்க்கரேகை மாதிரி) 21 மணி 55 நிமிடம் என்று எழுதிவிடுவார்கள். அது 1950-ம் ஆண்டு அடிப்படையிலான கணக்கு. இன்று எல்லோரும் பயன்படுத்தும் 2000-ம் ஆண்டு அடிப்படையில் அது 21 மணி 58 நிமிடம் 52 வினாடி. நடுவரை விலக்கம் (வானத்து அட்சரேகை மாதிரி) மைனஸ் 30 பாகை 13 நிமிடம் 32 வினாடி. 1இ.எஸ். 1959+650 இன்னும் வேடிக்கை. 2000 கணக்கில் அது சரியாக 20 மணி 00 நிமிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழன்றாடுவதால் ஆயக் கட்டங்கள் நகர்கின்றன, அவ்வளவுதான். காவலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகம் தொடங்கிய காலத்தில் அது வட ஆற்காடு மாவட்டம். 1989-க்குப் பின் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அப்புறம் வேலூர் மாவட்டம். 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். ஜவ்வாது மலை ஒரு அடிகூட நகரவில்லை. பழைய முகவரியைத் திருத்தாதீர்கள், பெயரை அச்சிட்டபடியே ஒரு பத்தியில் வையுங்கள். இடத்துக்கு மட்டும் 2000 ஆயத்தைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். சிம்பாட் (SIMBAD), நெட் (NED) ஆகிய இரண்டு தரவுத்தளங்களில் எந்தப் பெயரைப் போட்டாலும் மற்ற எல்லாப் பெயரையும் காட்டிவிடும்.

அடுத்து, ஆயத்தைத் தசம பாகையாக மாற்ற வேண்டும். மார்க்கேரியன் 421-ஐ வைத்துப் பழகுங்கள். வல ஏற்றம் 11 மணி 04 நிமிடம் 27.3 வினாடி. நிமிடத்தை 60-ஆலும் வினாடியை 3600-ஆலும் வகுத்துக் கூட்டினால் 11.07425 மணி, 15-ஆல் பெருக்கினால் 166.1138 பாகை. நடுவரை விலக்கம் +38 பாகை 12 நிமிடம் 32 வினாடி என்பது 38.2089.

மைனஸ் வந்தால் கவனம். 3சி 279-ன் நடுவரை விலக்கம் -05 பாகை 47 நிமிடம் 22 வினாடி. சூத்திரத்தை அப்படியே ஓட்டினால் -5 உடன் 0.789-ஐக் கூட்டி -4.211 என்று தந்துவிடும். சரியான விடை -5.789. ஒன்றரை பாகைக்கு மேல் பிழை. வானத்தில் மூன்று முழுநிலா அகலம். அடையாளத்தைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, எண்களை மட்டும் கூட்டி, கடைசியில் மைனஸ் போடுங்கள்.

இடம் எவ்வளவு துல்லியம் என்றும் ஒரு பத்தி வேண்டும். செரன்கோவ் தொலைநோக்கி ஒவ்வொரு துகளின் திசையையும் சுமார் 0.1 பாகைக்குள்தான் சொல்லும்; அதாவது 6 வில்நிமிடம். இதனால் என்ன ஆகும் என்பதற்கு 3சி 66 நல்ல பாடம். அங்கே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. 3சி 66ஏ என்பது தொலைவிலுள்ள ஒரு பிளேசார், அதாவது நம்மை நோக்கித் தாரை பீய்ச்சும் கருந்துளையுள்ள திரள். 3சி 66பி என்பது நமக்கு மிக அருகே இருக்கும் ஒரு ரேடியோ விண்மீன்திரள். வானில் இரண்டுக்கும் இடைவெளி சுமார் 6 வில்நிமிடம். 2007-ல் பார்த்த மேஜிக் குழு, கதிர் வரும் இடம் 66பி பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொன்னது. ஏறத்தாழ அதே காலத்தில் பார்த்த வெரிட்டாஸ், 66ஏ-தான் என்றது. பின்னர் 66ஏ பிரகாசமாக எழுந்தபோது மேஜிக்கும் அதிலிருந்து கதிர் வருவதைப் பதிவு செய்தது. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு அறிவிப்பையும் இரண்டு வரிசையாக எழுதுங்கள். தீர்ப்பு வழங்கி ஒன்றை அழித்துவிடாதீர்கள்.

'அப்பால்' என்றால் எதுவரை?

எளிதாகத் தோன்றும். இல்லை. பெரிய மெகல்லன் மேகம் பால்வீதிக்கு வெளியே, சுமார் 1.6 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் துணைத்திரள். அதில் ஹெஸ் மூன்று மூலங்களைக் கண்டு 2015-ல் அறிவித்தது: ஒரு துடிப்பு விண்மீனின் காற்று நெபுலா, ஒரு சூப்பர்நோவா எச்சம், ஒரு பெருங்குமிழி. இருக்கும் இடத்தைப் பார்த்தால் இவை அப்பாலுள்ளவை. சுபாவத்தைப் பார்த்தால் நம் பால்வீதியிலுள்ள மூலங்களோடு சேர வேண்டியவை. நான் இவற்றைச் சேர்த்துக்கொண்டு, 'உட்பொருள்' என்று குறி போடச் சொல்வேன். எண்ணிக்கை சொல்லும்போது அந்தக் குறி உள்ளவற்றைக் கழித்தும் ஒருமுறை சொல்லுங்கள்.

தலைகீழ்ச் சிக்கலும் உண்டு. ஹெஸ் ஜே1943+213 பால்வீதித் தளத்திலேயே தெரிகிறது. தளத்தில் தெரிவதால் அது உள்ளூர் நெபுலா என்று சிலர் வாதிட்டார்கள். தளத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் பிளேசார் என்று சிலர். பிந்தைய ரேடியோ, காமா அளவீடுகள் பிளேசார் பக்கம் சாய்ந்தன. ஆகவே பால்வீதி அகலாங்கை (தளத்திலிருந்து எத்தனை பாகை விலகல் என்பதை) மட்டும் பார்த்து வடிகட்டி ஒதுக்கும் பழக்கம் வேண்டாம்.

காமா வெடிப்புகளுக்குத் தனித்தாள் போடுங்கள். 2019 ஜனவரி 14-ல் மேஜிக் கண்டது, 2022 அக்டோபர் 9-ல் லாசோ கண்டது போன்றவை சில நிமிடம், சில மணி நேரம் இருந்து மறைந்துவிடும். பிளேசாரோடு ஒரே தாளில் வைத்தால் 'சராசரி ஒளிர்வு' என்ற பத்திக்கே அர்த்தம் போய்விடும்.

வகை

பெரும்பாலானவை பிளேசார்கள். நடுவில் ராட்சதக் கருந்துளை, அதிலிருந்து பீறிடும் தாரை ஏறக்குறைய நம்மை நோக்கி. இவற்றில் நிறமாலை வரிகள் பளிச்சென்று தெரிபவை ஒரு வகை, வரிகளே தெரியாத பி.எல். லாசெர்ட்டே இன்னொரு வகை. பின்னதிலும் அதன் குறைந்த ஆற்றல் மேட்டின் உச்சி எந்த அதிர்வெண்ணில் என்பதை வைத்து மூன்று பிரிவு. இவற்றைக் கட்டுரையில் சொன்னபடி எழுதினால் போதும், நீங்களாக வகைப்படுத்த முயல வேண்டாம். பிளேசாரே வெடித்தெழும்போது பிரிவு மாறுவதுண்டு.

பிளேசார் அல்லாதவை சொற்பம். தாரை நம்மைப் பார்க்காத எம்87, சென்டாரஸ் ஏ போன்ற ரேடியோ திரள்கள். விண்மீன்கள் மளமளவெனப் பிறக்கும் எம்82, என்.ஜி.சி. 253. கடைசி இரண்டும் 2009-ல் வந்தவை. எம்82-ஐப் பார்க்க வெரிட்டாஸுக்கு 137 மணி நேரம் பிடித்தது, என்.ஜி.சி. 253-க்கு ஹெஸ் 119 மணி நேரம் செலவிட்டது. 'மணி நேரம்' என்று ஒரு பத்தி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஒன்றை எவ்வளவு பாடுபட்டுக் கண்டார்கள் என்பதை அது ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

செம்பெயர்ச்சி: அட்டவணையின் உயிர்நாடி

மற்ற பத்திகளில் பிழை வந்தால் அந்த வரிசை கெடும். இங்கே பிழை வந்தால் உங்கள் அட்டவணையை எடுத்துப் பயன்படுத்துபவரின் முடிவே கெடும். காரணம் இது. பிரபஞ்சம் முழுக்க விண்மீன்களும் தூசியும் இதுவரை உமிழ்ந்த அகச்சிவப்பு ஒளியும் கண் காணும் ஒளியும் ஒரு மங்கலான மூட்டமாகப் பரவியிருக்கிறது. உயராற்றல் காமா துகள் அந்த ஒளித்துகளோடு மோதினால் இரண்டும் மறைந்து எலக்ட்ரான், பாசிட்ரான் சோடி பிறக்கும். தூரம் கூடக் கூட, ஆற்றல் கூடக் கூட, நம்மிடம் வந்து சேர்வது குறையும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத்தான் அந்த மூட்டத்தை அளக்கிறார்கள். தூரம் தவறென்றால் மூட்டமும் தவறு.

தூரத்தைச் சொல்வது செம்பெயர்ச்சி, அதாவது வரும் ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்ற அளவு. அதை அளக்க நிறமாலை வரி வேண்டும். பி.எல். லாசெர்ட்டே வகைக்கு வரியே தெரியாது. தாரையின் வெளிச்சம் சொந்தத் திரளையே மூழ்கடித்துவிடும். ஆக, நமக்கு அதிகம் வேண்டிய எண் கிடைப்பதே அரிது.

3சி 66ஏ-க்குத் திரும்புவோம். 1978-ல் ஒரே ஒரு வரியை வைத்து அதன் செம்பெயர்ச்சி 0.444 என்று சொன்னார்கள். சொன்னவர்களே முழு உறுதியோடு சொல்லவில்லை. ஆனால் எண் அட்டவணைகளுக்குள் ஏறிவிட்டது, அட்டவணையிலிருந்து கட்டுரைக்கும் கட்டுரையிலிருந்து அடுத்த அட்டவணைக்கும் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஹபிள் தொலைநோக்கியின் புற ஊதா நிறமாலை, குறைந்தபட்சம் 0.3347 என்று எல்லை போட்டது. 2018-ல், அது இருக்கும் திரள் கூட்டத்தை வைத்து 0.34 என்றார்கள். நாற்பது ஆண்டு ஒரு சந்தேக எண் உறுதி எண்ணாக உலாவியது. அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட இடமில்லாத அட்டவணைகள்தான் அதற்குக் காரணம்.

ஆகவே செம்பெயர்ச்சிக்கு மூன்று பத்தி: எண், முறை, ஆதாரக் கட்டுரையின் ஆண்டு. முறைக்கு நாங்கள் பயன்படுத்தும் குறிகள் இவை.

அ: இரண்டோ அதற்கு மேலோ வரிகள் தெளிவாகத் தெரிந்தவை.
ஆ: ஒற்றை வரி, அல்லது சந்தேக வரி.
இ: இடையில் இருக்கும் வாயுவின் உறிஞ்சு வரியால் கிடைத்த கீழெல்லை.
ஈ: சுற்றுவழி மதிப்பீடு, திரளின் பிரகாசம், கூட்டத்தில் இருக்கும் உறுப்பினர்கள் போன்றவை.
உ: காமா கதிர் குறைந்த அளவை வைத்தே கணித்தது.

'உ' குறி உள்ளதை மூட்டத்தை அளக்கும் கணக்கில் யாரும் பயன்படுத்தக் கூடாது. எதைத் தேடுகிறோமோ அதையே விடையாகப் போட்ட மாதிரி ஆகிவிடும். இந்த எச்சரிக்கையைத் தாளின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

இன்னும் இரண்டு பொறி. எஸ்3 0218+35 என்ற மூலத்தைப் பார்த்தால் இரண்டு செம்பெயர்ச்சி கண்ணில் படும். 0.68 என்பது நடுவில் ஈர்ப்பு வில்லையாக நின்று, ஒளியை வளைத்து இரண்டு பாதையில் அனுப்பும் திரளுடையது. பிளேசாரின் எண் 0.94-ஐ ஒட்டியது. 2014 ஜூலையில் இந்த பிளேசார் எழுந்ததை ஃபெர்மி காமா கதிர் செயற்கைக்கோள் கண்டது. வில்லையின் இன்னொரு பாதை வழியே அதே எழுச்சி பதினொரு நாள் கழித்து வர வேண்டும் என்று கணக்குப் போட்டு, மேஜிக் அந்த நாளில் காத்திருந்து பிடித்தது. துறையிலேயே இதைப் போல அழகான கண்டுபிடிப்பு குறைவு. ஆனாலும் அட்டவணையில் 0.68-ஐப் போட்டால் போச்சு.

மற்றது, மிக அருகே இருப்பவை. எம்87-ன் செம்பெயர்ச்சி 0.0044 என்பதை வைத்து மட்டும் தூரம் கணக்கிடாதீர்கள். கன்னிக் கூட்டத்தின் உள் ஓட்டமும் அதில் கலந்திருக்கிறது. அருகிலுள்ளவற்றுக்கு வேறு வழியில் அளந்த தூரத்தைத் தனிப் பத்தியில் கொடுங்கள். எம்87-க்கு அது ஐந்தரைக் கோடி ஒளியாண்டுக்குப் பக்கம்.

நல்ல உதாரணம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். 2017 செப்டம்பர் 22-ல் தென் துருவத்தின் ஐஸ்கியூப் கருவி ஒரு நியூட்ரினோவைப் பிடித்தது. வந்த திசையில் டி.எக்ஸ்.எஸ். 0506+056 என்ற பிளேசார் எழுச்சியில் இருந்தது, மேஜிக்கும் அதிலிருந்து உயராற்றல் காமாவைக் கண்டது. அதன் தூரம் அப்போது யாருக்கும் தெரியாது. லா பால்மாவின் 10.4 மீட்டர் தொலைநோக்கியில் நீண்ட நேரம் வெளிச்சம் சேர்த்து, மங்கலான வரிகளைத் தேடி எடுத்து, 2018-ல் 0.3365 என்றார்கள். குறி 'அ'. உலகின் மிகப் பெரிய கண்ணாடி ஒன்று தேவைப்பட்ட எண் அது.

ஒளிர்வு

"எத்தனை நண்டு?" என்றுதான் துறையில் பேசுவார்கள். நண்டு நெபுலாவின் ஒளிர்வில் எத்தனை மடங்கு, எத்தனை சதவீதம் என்று. பேச்சுக்கு வசதி, அட்டவணைக்கு ஆகாது. எம்82 நண்டில் 0.9 சதவீதம், என்.ஜி.சி. 253 நண்டில் 0.3 சதவீதம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் முதலாவது மூன்று மடங்கு பிரகாசம் என்று தோன்றும். ஆனால் முன்னது 700 கிகாவுக்கு மேல் அளந்தது, பின்னது 220 கிகாவுக்கு மேல். எந்த ஆற்றலுக்கு மேல் என்பதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். கட்டுரையில் சதுர சென்டிமீட்டருக்கு வினாடிக்கு இத்தனை என்ற நேரடி எண் இருந்தால் அதையே எடுங்கள். நண்டுக் கணக்கு குறிப்புப் பத்தியோடு நிற்கட்டும்.

பிளேசாருக்கு ஒற்றை ஒளிர்வு எண் கொடுப்பதே தவறு. மார்க்கேரியன் 421 சாதாரண நாளில் நண்டுக்குக் குறைவாகவே இருக்கும். 2010 பிப்ரவரி 17-ல் ஒரு டெராவுக்கு மேல் 27 நண்டு வரை எழுந்தது. பி.கே.எஸ். 2155-304 அதற்கும் மேலே ஒரு படி: 2006 ஜூலை 28 இரவில் மூன்று நான்கு நிமிடத்துக்குள் ஏறி இறங்கியது. அதனால் குறைந்தது, கூடியது, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் என்று நான்கு பத்தி. தேதி இல்லாத ஒளிர்வை எழுத வேண்டாம்.

நிறமாலைச் சரிவு

ஆற்றல் கூடும்போது துகள் எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது. இரண்டு பத்தி: பார்த்தபடி, மூட்டத்தைத் திருத்தியபின். ஹெஸ் 2006-ல் வெளியிட்ட 1இ.எஸ். 1101-232-க்குப் பார்த்த சரிவு ஏறத்தாழ 2.9, மூட்டத்தின் விளைவை நீக்கினால் 1.5 அளவுக்கு வந்துவிடும். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது. எந்த மூட்ட மாதிரியை வைத்துத் திருத்தினார்கள் என்பதும் வேண்டும்.

கண்டது, கண்டதாகச் சொன்னது, காணாதது

ஐந்து சிக்மா தாண்டினால் கண்டதாக ஏற்பது வழக்கம். சிக்மா என்பது, கிடைத்த சைகை தற்செயல் அல்ல என்பதற்கான அளவு. சிக்மாவைக் கணக்கிட 1983-ல் லீ, மா இருவரும் தந்த சூத்திரம் இன்றும் நடைமுறை. எழுச்சி நடக்கும்போது முதலில் வானியல் தந்தி (The Astronomer's Telegram) என்ற இணைய அறிவிப்புத் தளத்தில் நாலு வரி அறிவிப்பு வரும். முறையான கட்டுரை வர ஒரு வருடம், சிலசமயம் அதற்கு மேலும் ஆகும். 2023 டிசம்பரில் லா பால்மாவின் புதிய 23 மீட்டர் தொலைநோக்கி ஓ.பி. 313-ஐக் கண்ட செய்தியும் தந்தியாகத்தான் வந்தது. செம்பெயர்ச்சி 0.997, அறிவிப்பு வந்தபோது இப்படிக் கண்ட பிளேசார்களில் அதற்கு மேல் தொலைவானது கிடையாது. 'நிலை' என்ற பத்தியில் தந்தி, மாநாடு, கட்டுரை என்று மூன்றில் ஒன்றைப் போடுங்கள். மேலே ஏறும்போது பழைய நிலையின் தேதியை அழிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுங்கள்.

பார்த்தும் கிடைக்காதவற்றையும் தனித்தாளில் சேருங்கள், மேலெல்லையோடு. சலிப்பான வேலை, புதியவர்கள் தட்டிக்கழிக்கும் வேலை. ஆனால் இந்தத் தொலைநோக்கிகள் சில பாகை அகலம்தான் பார்க்கும், நிலவொளியும் மேகமும் போக ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் மணி நேரம்தான் கிடைக்கும். எங்கே கிடைக்கும் என்று ஏற்கெனவே எக்ஸ் கதிரிலும் ஃபெர்மி தரவிலும் தடயம் தெரிந்ததோ அங்கேதான் திருப்புவார்கள். எழுச்சியில் இருப்பதைத்தான் துரத்துவார்கள். ஆக நூறு மூலங்களில் இத்தனை சதவீதம் இந்த வகை என்று உங்கள் அட்டவணையை வைத்துச் சொன்னால், வானத்தைப் பற்றிச் சொன்னதாகாது. எங்கே பார்த்தார்கள் என்பதைச் சொன்னதாகத்தான் ஆகும். காணாதவற்றின் தாள் இருந்தால் கொஞ்சமாவது திருத்திக்கொள்ளலாம்.

நம் பக்கத்துக் கருவிகள்

"காவலூர்லயே ஒன்னு வச்சிருக்கலாமே சார்?" என்று ஒவ்வொரு வருடமும் ஒருவர் கேட்பார். காவலூர் 725 மீட்டர் உயரம். இரண்டு பருவமழையும் தொடும் இடம். 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருப்பது கண் காணும் ஒளிக்காக. காமாவுக்கு உயரமும் வறண்ட தெளிந்த வானமும் வேண்டும் என்று லடாக்கின் ஹான்லேவுக்குப் போனார்கள், சுமார் 4,270 மீட்டர். அங்கே ஹகர் என்ற ஏழு தொலைநோக்கித் தொகுதி 2010 பிப்ரவரி எழுச்சியில் மார்க்கேரியன் 421-ஐப் பார்த்தது. இப்போது 21 மீட்டர் மேஸ் வந்திருக்கிறது; பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்தது, 2024 அக்டோபர் 4-ல் திறந்தார்கள். ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் டாக்டிக் தொலைநோக்கி நெடுங்காலமாக இதே பிளேசார்களைப் பார்த்திருக்கிறது. வெளிநாட்டு அட்டவணைகளில் முதலில் கண்டவர் பெயர் மட்டும் இருப்பதால் இந்திய அளவீடுகள் கண்ணில் படாது. 'இந்தியக் கருவி பார்த்த தேதி' என்று ஒரு பத்தி சேருங்கள். இந்தப் பத்தி வேறெங்கும் ஆயத்தமாகக் கிடைக்காது.

சரிபார்ப்பும் முதல் பத்தும்

ஒரே வரிசையை இரண்டு பேர் தனித்தனியே நிரப்ப வேண்டும், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல். பிறகு ஒப்பிடுங்கள். வேறுபாடு வந்தால் யார் சரி என்று வாக்குவாதம் வேண்டாம், கட்டுரையைத் திறந்து அந்தப் பக்க எண்ணைக் குறிப்புப் பத்தியில் எழுதுங்கள். ஆயம் சரியா என்று பார்க்க அலாதின் மென்பொருளில் எல்லாப் புள்ளிகளையும் வானப் படத்தின் மேல் போட்டுப் பாருங்கள். மைனஸ் பிழை இருந்தால் வெற்று வானத்தில் ஒரு புள்ளி நிற்கும். கோப்புப் பெயரில் தேதி இருக்கட்டும். எந்த வரிசையையும் நீக்காதீர்கள்; தள்ளுபடியானதை 'விலக்கியவை' தாளுக்குக் காரணத்தோடு மாற்றுங்கள்.

முதல் பத்து இந்த வரிசையில் எடுக்கலாம். மார்க்கேரியன் 421, மார்க்கேரியன் 501 இரண்டிலும் கை பழகும். 1இ.எஸ். 1959+650, பி.கே.எஸ். 2155-304 பெயர்ச் சிக்கலுக்கு. 3சி 279 மைனஸுக்கு. எம்87 தூரத்துக்கு, எம்82 ஆற்றல் வரம்புக்கு. 3சி 66ஏ, டி.எக்ஸ்.எஸ். 0506+056, எஸ்3 0218+35 மூன்றும் செம்பெயர்ச்சிக்கு. இவற்றை முடித்தவர்கள் மீதியை வல ஏற்ற வரிசைப்படி ஆளுக்கு ஆறு மணி நேரத் துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 12-லிருந்து 18 மணி வரை உள்ள துண்டில் மூலங்கள் அதிகம் என்று தோன்றினால் அதற்கு மட்டும் இரண்டு சோடி போடுங்கள்.